பூமியைக் குளிரவைப்பது சாம்பலா, கந்தகமா? தோபா பற்றியும் சில சந்தேகங்கள்

பட்டர்வொர்த்_அறிவியல் கேட்டது:

வணக்கம். படிவம் 4 மாணவர்கள் மூவர் அறிவியல் கண்காட்சிக்கு "எரிமலையும் பருவநிலையும்" என்ற தலைப்பை எடுத்திருக்கிறார்கள். நான் பொறுப்பாசிரியை. அவர்களுடைய முதல் வரைவில் சில இடங்கள் இடிக்கின்றன.

"சாம்பல் சூரியனை மறைப்பதால் பூமி குளிர்கிறது" என்று ஒரு பத்தி. "எரிமலை கரிவளியை (கார்பன் டைஆக்சைடு) வெளியிட்டுப் பூமியைச் சூடாக்குகிறது" என்று அடுத்த பத்தி. அப்படியானால் குளிருமா, சுடுமா என்று நடுவர் கேட்டால் பிள்ளைகள் முழிப்பார்கள். சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது மனித இனமே அற்றுப்போகப் பார்த்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். இதை அப்படியே விடலாமா?

இன்னும் இரண்டு விஷயம். இங்கே மலேசியாவில், பேராக்கின் லெங்கோங்கில் தோபா சாம்பல் இருக்கிறதே, அதை மைக்ரோஸ்கோப்பில் காட்ட முடியுமா? பிறகு, கந்தகத்தை எரித்து ஒரு செயல்விளக்கம் செய்ய ஆசைப்படுகிறார்கள். செய்யலாமா?

---

சுபாங்_வானிலை:

டீச்சர், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். கந்தகம் எரிந்தால் வருவது சல்பர் டைஆக்சைடு. மூடிய மண்டபத்தில் சிறு கரண்டியளவு எரித்தாலே கண்ணும் தொண்டையும் எரியும். ஆஸ்துமா உள்ள பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்றால் ஆபத்து. மாற்று வழி கீழே சொல்கிறேன்.

சாம்பல் குளிரவைக்கிறது என்பது தவறு. சாம்பல் என்று சொல்கிறோமே தவிர அது எரிந்த சாம்பல் அல்ல, பொடிந்த பாறையும் கண்ணாடியும். கனமானது. பெரும்பகுதி சில நாட்களில், மிக நுண்ணியது சில வாரங்களில் கீழே வந்துவிடும். பருவநிலையைத் தொடுவது கந்தகம்தான். சல்பர் டைஆக்சைடு, மழை மேகங்களுக்கு மேலே உள்ள அடுக்கு மண்டலத்துக்குள் போனால் சில வாரங்களில் நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலத் துளிகளாகிறது. துளியின் அளவு அரை மைக்ரோன் அளவில் இருக்கும். சூரிய ஒளியைத் திருப்பிவிட இது தோதான அளவு. அங்கே மழை கிடையாது, கழுவிவிட ஆளில்லை. அதனால் ஓரிரு ஆண்டுகள் தங்குகிறது. அதே கந்தகம் கீழ்வளியில் நின்றுவிட்டால் ஒரு வாரத்துக்குள் மழையோடு இறங்கிவிடும். நம் ஊர்ப் புகைமூட்டம் நல்ல மழை பெய்ததும் கலைவது இதனால்தான்.

ஆகவே பிள்ளைகள் ஒவ்வொரு வெடிப்பையும் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எவ்வளவு கந்தகம்? எவ்வளவு உயரம்? நம் வெப்பமண்டலத்தில் அடுக்கு மண்டலம் ஏறத்தாழ 16–17 கி.மீ. உயரத்தில்தான் தொடங்குகிறது.

இதற்கு நல்ல ஜோடி, 1980இல் அமெரிக்காவில் வெடித்த செயின்ட் ஹெலன்ஸும் 1982இல் மெக்சிகோவில் வெடித்த எல் சிச்சோனும். வெடிப்பின் அளவில் இரண்டும் ஒரே வகுப்பு. செயின்ட் ஹெலன்ஸ் சுமார் 1 மில்லியன் டன் சல்பர் டைஆக்சைடு விட்டது, உலக வெப்பநிலையில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. எல் சிச்சோன் சுமார் 7 மில்லியன் டன், குளிர்ச்சி அளவிடும்படி தெரிந்தது. படத்தில் எது பயங்கரமாக இருக்கிறது என்று பார்த்தால் செயின்ட் ஹெலன்ஸ்தான் ஜெயிக்கும்!

அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டியது பினாட்டுபோ. 1991 ஜூன் 15, பிலிப்பைன்ஸ். 15 முதல் 20 மில்லியன் டன் சல்பர் டைஆக்சைடு, புகைத்தூண் 35 கி.மீ. வரை. துளிகள் மூன்று வாரத்தில் பூமியைச் சுற்றிவிட்டன. 1992இல் உலகச் சராசரி சுமார் 0.5 பாகை செல்சியஸ் இறங்கியது. ஆனால் அடுக்கு மண்டலமே சூடாகியது, ஏனெனில் அந்தத் துளிகள் பூமியிலிருந்து மேலேறும் வெப்பக் கதிரை உறிஞ்சுகின்றன. அவற்றின் பரப்பில் நடந்த குளோரின் வினையால் ஓசோனும் குறைந்தது. நிலப்பகுதிகளில் மழையும் குறைந்தது. பிள்ளைகள் குளிர்ச்சியை மட்டும் எழுதுவார்கள், மழையை மறந்துவிடுவார்கள். நமக்கு மழைதானே முக்கியம்.

இப்போது கரிவளி. பினாட்டுபோ வெளியிட்டது ஏறத்தாழ 50 மில்லியன் டன். மனிதர்கள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வெளியிடுவது ஆண்டுக்குச் சுமார் 37,000 மில்லியன் டன். அதாவது அந்த நூற்றாண்டின் பெரிய வெடிப்புகளில் ஒன்று, இன்றைய நம் கணக்கில் அரை நாள். எல்லா எரிமலைகளின் ஆண்டு வெளியீட்டைச் சேர்த்தாலும் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே வரும்.

இரண்டு பத்தியும் இடிப்பதற்குக் காரணம் காலம். ஒற்றை வெடிப்பு: கந்தகம், ஓரிரு ஆண்டு, குளிர்ச்சி. லட்சக்கணக்கான ஆண்டுகள் நிற்காமல் எரிகுழம்பு பொங்கினால்: கரிவளி சேர்ந்துகொண்டே போய் வெப்பம். 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் நடந்தது இந்த இரண்டாம் வகை. கடல் சூடாகி, அமிலமாகி, பிராணவாயு குறைந்து, கடல்வாழ் இனங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. இரண்டையும் ஒரே பத்தியில் போடாதீர்கள்.

இவை எதிலும் அடங்காத ஒன்று, 2022 ஜனவரி 15இல் பசிபிக் தீவு நாடான தொங்காவில் வெடித்த ஹங்கா தொங்கா எரிமலை. தூண் 57 கி.மீ. உயரம் போனது. கந்தகமோ அரை மில்லியன் டன் அளவுதான். கடலடியில் வெடித்ததால் சுமார் 15 கோடி டன் நீராவியை மேலே தள்ளியது, அடுக்கு மண்டலத்தில் ஏற்கெனவே இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. உயரம் மட்டும் போதாது என்பதற்கு இதைக் காட்டலாம்.

---

குளுகோர்_கல்மண்:

தோபா சாம்பல் பற்றி நான் சொல்கிறேன்.

லெங்கோங் பள்ளத்தாக்கு 2012 முதல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலம். அனுமதியில்லாமல் அங்கே ஒரு பிடி மண் எடுப்பதும் சட்டப்படி தப்பு. பள்ளியின் பெயரில் கடிதம் எழுதி, பல்கலைக்கழகத் தொல்லியல் ஆய்வு மையத்திடமோ அங்குள்ள தொல்பொருள் காட்சிக்கூடத்திடமோ மாதிரி கேளுங்கள். 5 கிராம் இருந்தாலே தாராளம்.

கிடைத்தால் செய்முறை இது. கட்டியின் வெளிப்புறத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்பகுதியை எடுங்கள். நம் ஊர் வெயில் மழையில் வெளிப்புறக் கண்ணாடி களிமண்ணாக மாறியிருக்கும். விரலால் நசுக்குங்கள், உரலில் இடிக்காதீர்கள். துண்டுகளின் வடிவம் போய்விட்டால் பிறகு பார்க்க ஒன்றுமில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓரிரவு ஊறவையுங்கள், வேர் தூசி எல்லாம் நுரைத்துப் போகும். மூடியை இறுக்க வேண்டாம். மறுநாள் பீக்கரில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 3 நிமிடம் விட்டு, கலங்கல் நீரைச் சாய்த்துக் கொட்டுங்கள். தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப. அவசரப்பட்டு ஒரு நிமிடத்திலேயே கொட்டினால் கண்ணாடித் துண்டுகளும் சேர்ந்து போய்விடும். தட்டையாக இருப்பதால் அவை மணலைவிட மெதுவாக அடியில் சேரும். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

அடியில் நிற்பதில் ஒரு சொட்டை மைக்ரோஸ்கோப் கண்ணாடித் தகட்டில் வைத்து, தண்ணீரிலேயே 100 மடங்கில் பாருங்கள். கிளிசரின் விட வேண்டாம். அதன் ஒளிவிலகல் எண் இந்தக் கண்ணாடியினதற்கு நெருக்கம், விளிம்பு மங்கும். நீங்கள் தேடுவது நிறமற்ற, கூர்மையான, வளைந்த சில்லுகள். சில ஆங்கில ஒய் எழுத்துப் போல மூன்று கிளையோடு இருக்கும். குழம்பில் நுரைத்த குமிழிகள் முட்டி உடைந்த சுவர்கள் அவை.

உறுதிப்படுத்த, பழைய கால்குலேட்டர் திரையில் உள்ள ஒளிமுனைவுத் தாள் (போலராய்டு) இரண்டு வேண்டும். ஒன்று தகட்டுக்குக் கீழே, ஒன்று மேலே, ஒன்றுக்கொன்று குறுக்காக. எரிமலைக் கண்ணாடி எப்படிச் சுழற்றினாலும் இருட்டாகவே இருக்கும். குவார்ட்ஸ் மணல் சுழற்சிக்கு ஏற்ப மின்னி அணையும். ஆனால் இருட்டாக இருப்பதெல்லாம் சாம்பல் அல்ல. டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடும், லாலாங் போன்ற புற்களின் இலைக்குள் உண்டாகும் சிலிக்காத் துணுக்கும் அப்படித்தான் தெரியும். டயட்டமில் வரிசையான துளைகள் இருக்கும். புல் துணுக்குப் பெரும்பாலும் உடற்பயிற்சி டம்பெல் வடிவம்.

இன்னொன்று. லெங்கோங்கில் சில இடங்களில் சாம்பல் மீட்டர் கணக்கில் தடிப்பாக இருக்கிறது. அவ்வளவும் வானத்திலிருந்து கொட்டியது என்று பலகையில் எழுதாதீர்கள். மழை மலைச்சரிவிலிருந்து அடித்து வந்து பள்ளத்தில் சேர்த்தது அது. வங்காள விரிகுடாக் கடலடி மாதிரிகளில் கிடைப்பது சில செ.மீ. முதல் பத்துப் பதினைந்து செ.மீ. வரைதான்.

---

பட்டர்வொர்த்_அறிவியல்:

மிக்க நன்றி ஐயா. மனித இனம் அற்றுப்போகப் பார்த்தது என்பதை எடுத்துவிடவா? இன்னொரு கேள்வி, புகைமூட்டம் சுமத்ராவிலிருந்து நேராக நம்மிடம் வருகிறதே, தோபா சாம்பல் மட்டும் ஏன் இந்தியப் பக்கம் அதிகம் போனது?

---

குளுகோர்_கல்மண்:

எடுக்க வேண்டாம், "ஒரு காலத்தில் அப்படிக் கருதினார்கள்" என்று மாற்றுங்கள். தோபா வெடித்தது சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன். அதனால் மனிதத்தொகை சில ஆயிரமாகச் சுருங்கியது என்ற கருத்து 1990களில் பரவலானது. பிறகு வந்த சான்றுகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஆந்திராவில் ஜ்வாலாபுரத்தில் தோபா சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே மாதிரிக் கற்கருவிகள். ஆப்பிரிக்காவில் மலாவி ஏரிப் படிவில் தோபா கண்ணாடி இருக்கிறது, அந்த மட்டத்தில் பெரிய குளிர்ச்சிக்கான தடயம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயிண்டில் மனிதர்கள் இடைவிடாமல் வாழ்ந்திருக்கிறார்கள். பாறைக்குழம்பின் கன அளவு பிரம்மாண்டம், சந்தேகமில்லை. தோபாவின் பள்ளம் 100 கி.மீ. நீளம், 30 கி.மீ. அகலம். அதில் எவ்வளவு கந்தகம் இருந்தது என்பதில்தான் சண்டை. சுபாங் நண்பர் சொன்ன அதே கேள்விதான்.

---

சுபாங்_வானிலை:

காற்றுக்கு உயரத்துக்கு உயரம் குணம் மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையை ஒட்டி வீசும் தென்மேற்குக் காற்று சுமத்ராக் காட்டுப் புகையை நம் பக்கம் தள்ளுகிறது. அதே மாதங்களில் 12–16 கி.மீ. உயரத்தில் காற்று எதிர்த்திசையில், கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். புகை ஒன்றிரண்டு கி.மீ.க்குள் அடங்கிவிடும், தோபா போன்ற தூண் அதையெல்லாம் தாண்டிப் போகும். தென்சீனக் கடலடியிலும் தோபா சாம்பல் கிடைத்திருப்பதால், வெடிப்பு தென்மேற்குப் பருவத்தில் நடந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். கீழ்க்காற்று ஒரு பங்கை அந்தப் பக்கமும் இழுத்துப் போயிருக்கிறது.

---

செப்பாங்_ஓடுதளம்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கோலாலம்பூர் சம்பந்தப்பட்ட ஒன்று இதில் விடுபடக்கூடாது. 1982 ஜூன் 24, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9, கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் போன போயிங் 747. ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் இரவில் நுழைந்து நான்கு எஞ்சினும் நின்றுபோயின. சாம்பல் காய்ந்த பொருள், வானிலை ரேடாரோ ஈரத்தைத் தேடுவது. திரையில் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் உள்ளே வெப்பம் சாம்பல் உருகும் நிலையைத் தாண்டும், உருகிய கண்ணாடி டர்பைன் இறக்கைகளில் ஒட்டிக் காற்றுப் பாதையை அடைக்கும். விமானம் கீழே இறங்கியதும் அந்தக் கண்ணாடி குளிர்ந்து உடைந்து விழுந்ததால்தான் எஞ்சின்கள் திரும்பக் கிளம்பின. ஜகார்த்தாவில் இறங்கினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். இன்று இந்தோனேசிய எரிமலைகளுக்கு ஆஸ்திரேலியாவின் டார்வினிலுள்ள சாம்பல் எச்சரிக்கை மையம் அறிவிப்பு விடுகிறது.

பருவநிலைக்குச் சாம்பல் ஒன்றுமில்லை என்பதைப் பிள்ளைகள் "சாம்பல் ஆபத்தில்லை" என்று புரிந்துகொள்ளக் கூடாது. நனைந்த சாம்பல் 1 செ.மீ. விழுந்தாலே கூரையில் சதுர மீட்டருக்கு 10 முதல் 20 கிலோ பாரம். கார்க் கண்ணாடியில் வைப்பர் ஓட்டினால் கண்ணாடி கீறிப் போகும், முதலில் நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

---

சுபாங்_வானிலை:

உயிர்கள் பகுதிக்கு இரண்டு உதாரணம் போதும் டீச்சர். ஒன்று, ஐஸ்லாந்தின் லாக்கி, 1783–84. எட்டு மாதம் ஓடிய எரிகுழம்பு, சுமார் 120 மில்லியன் டன் சல்பர் டைஆக்சைடு. புல்லில் படிந்த ஃபுளோரின் கால்நடைகளைக் கொன்றது, பஞ்சம் வந்தது, ஐஸ்லாந்து மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தனர். இரண்டு, இந்தோனேசியாவின் தம்போரா, 1815 ஏப்ரல். மறுஆண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடையே வரவில்லை, விளைச்சல் பொய்த்தது. எதிர்ப்பக்கமும் காட்டுங்கள்: பினாட்டுபோவுக்குப் பிறகு ஒளி சிதறி வந்ததால் காட்டின் அடி இலைகளுக்கும் வெளிச்சம் கிடைத்து, சில காடுகளில் ஒளிச்சேர்க்கை கூடியது. சுமத்ராவின் காரோ மேட்டுநிலக் காய்கறி பினாங்கு வரை வந்து விற்றதும் எரிமலை மண்ணின் தயவுதான்.

செயல்விளக்கம்: 2 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் நேர்ச்சுவர்க் கண்ணாடித் தொட்டி, வெள்ளை ஒளி டார்ச், பால். தொட்டியின் ஒரு முனையில் டார்ச், மறுமுனையில் வெள்ளைத் தாள். பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பக்கவாட்டில் தொட்டி இளநீலமாகும், தாளில் வட்டம் மஞ்சளாகி ஆரஞ்சாகும். எரிமலைக்குப் பிந்தைய சிவந்த அந்திக்கும் இதே மாதிரிச் சிதறல்தான் காரணம். தாளின் இடத்தில் கைப்பேசியை வைத்து ஒளி அளவிச் செயலியில் ஒவ்வொரு சொட்டுக்கும் அளவைக் குறித்து வரைபடம் போடலாம். மண்டப விளக்கை அணைக்காமல் அளந்தால் எண்கள் தாறுமாறாக வரும், தொட்டியைக் கறுப்பு அட்டையால் மூடிவிடுங்கள். பால் அதிகமாகிவிட்டால் எல்லாம் வெள்ளையாகி நிறமே தெரியாது, தண்ணீரை மாற்றித் திரும்பத் தொடங்க வேண்டியதுதான். கொழுப்பு நீக்கிய பால் என்றால் நீலம் நன்றாக எடுபடும்.