அம்மாவின் வாய்ப் புற்றுநோய் சத்திரசிகிச்சை: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

உறவுகளுக்கு வணக்கம். நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. கன்னத்தின் உட்புறம் ஆறாமலிருந்த புண் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த மாதம் பேராதனை பல் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை. கழுத்து நெறிகளையும் (நிணநீர்க் கணுக்கள்) எடுப்பார்களாம்.

எங்களுக்குப் பெரிய கவலை வார்ட்டில் அவர் தனியாக இருக்கும் இரவுகள்தான். அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை, எழுதப் படிக்கத் தெரியாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு சில நாட்கள் பேசவும் முடியாதாம். வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது, தண்ணீர் வேண்டும் என்பதை நர்ஸிடம் எப்படிக் காட்டுவார்? படம் வரைந்த அட்டை கொடுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? இப்போதே பழக்கிவிட நினைக்கிறோம்.

அப்புறம், மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுத்தவர்கள், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் சுத்தமாக எப்படிச் சமாளித்தீர்கள்? அண்ணன் கொழும்பில் கடையில் வேலை. அண்ணி கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) இல்லை. யார் எந்த நாள் என்று முறை போட்டுப் பார்த்த குடும்பங்கள் சொன்னால் நல்லது. பிறகு கதிர்வீச்சும் தேவைப்படலாம் என்றார்கள். கண்டியில் குறைந்த செலவில் தங்க இடம் தெரியுமா?

இன்னொன்று. பார்க்க வரும் பெரியவர்கள் "புகையிலை இல்லாமல் போட்டால் ஒன்றுமில்லை" என்று வெற்றிலை நீட்டுகிறார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும். மனம் நோகாமல் அவர்களை எப்படித் தடுப்பது?