ஸ்டவங்கரிலிருந்து நாவற்குடாவுக்கு: கீல் வைத்த பாய்ப்படகைக் கொண்டுவரலாமா?

நாவற்குடாப் பொடியன்:
எல்லோருக்கும் வணக்கம். வேலையை விட்டதும் மட்டக்களப்பு நாவற்குடாவில் அம்மாவின் வளவுக்கே திரும்பிவிடுவது என்று முடிவாகிவிட்டது. நோர்வேயில் சேர்ந்த சாமான்களை விற்பதில் எனக்குக் கவலை இல்லை, பாய்ப்படகை விற்கத்தான் மனம் வரவில்லை. ஐஎஃப் (இன்டர்நேஷனல் ஃபோக்போட்) ரகம், பைபர் உடல், நீளம் 7.9 மீட்டர், அகலம் 2.2. அடியில் இரும்புக் கீல், அதாவது படகு கவிழாமல் பிடிக்கும் கனமான தகடு, இருப்பதால் தண்ணீருக்குள் 1.2 மீட்டர் இறங்கி நிற்கும். மொத்த நிறை இரண்டு தொன்னுக்குச் சற்று மேல், அதில் பாதிக்கு மேல் கீல்தான்.

கடல்வழியாக ஓட்டி வரும் யோசனை இல்லை. செங்கடல் நிலைமை தெரிந்ததுதானே, வயதும் இடம் கொடாது. கொள்கலனில் ஏற்றினால் உள்ளே போகுமா? வளவுக்குப் பின்னால் வாவி. அங்கேயே நங்கூரம் போட்டு நிறுத்தலாமா?

பாலமீன்மடு பைபர்காரன்:
அண்ணன், முதலில் வாவியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வளவு கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே. கடலிலிருந்து வருபவர் முகத்துவாரத்தால் நுழைந்து பாலத்தைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். பாலம் தாழ்வு, பாய்மரத்தை இறக்காமல் போக முடியாது. முகத்துவாரமோ வெயில் காலத்தில் மணல் மூடிக் கிடக்கும். மாரியில் வெள்ளம் ஏறித் தானாக உடைக்கும், இல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள். அப்போது இழுக்கிற இழுவையில் உள்ளே வரும் ஆள் வேறு வகை ஆளாக இருக்க வேண்டும்.

சரி, லொறியில் கொண்டுவந்து நேரே வாவிக்குள் இறக்கினீர்கள் என்று வைப்போம். கரையோரத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தான். 1.2 மீட்டர் கீல் மிதக்க நடுவாவிக்குப் போக வேண்டும், அங்கே இரவெல்லாம் வலை. நம்முடைய தோணி வலைக்கு மேலால் வழுக்கிப் போய்விடும். உங்கள் கீல் போகாது, வலையை அள்ளிக்கொண்டு நிற்கும். அறுந்த வலையோடு ஒருவர் உங்கள் வாசலில் வந்து நிற்பார், அடுத்த கிழமை அவரிடம்தான் நீங்கள் இறால் வாங்கப் போவீர்கள்.

கொள்கலன் கதை: 40 அடி ஹை கியூப் (உயரம் கூடிய கொள்கலன்) எடுத்தால் கதவு அகலம் 2.34, உயரம் 2.58 மீட்டர். அகலம் மயிரிழையில் தப்பும். உயரத்தைக் கீலின் அடியிலிருந்து கெபின் கூரை வரை, தாங்கு சட்டத்தையும் சேர்த்து அளவுங்கள். சட்டத்தை மரத்தில் செய்தால் சூடேற்றிப் பதப்படுத்திய முத்திரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்தில் மறிப்பார்கள். இரும்பில் செய்தால் அந்தத் தொல்லை இல்லை. சுங்க அட்டவணையில் உல்லாசப் படகு 8903. அதைச் சொல்லி, வரி எவ்வளவு என்று ஏற்றுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

என் பட்டறைக்கு வரும் வெளிநாட்டுப் பைபர் எல்லாம் ஒரே குறைதான் சொல்லும். கீழே உடல் நன்றாக இருக்கும், மேலே வெயில் குடித்துவிடும். பாயில் துணிக்கு முன் தையல் நூல் உக்கும். விரலால் நெம்பினாலே பிரிந்து வரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கீல் படகை அங்கேயே விற்றுவிட்டு, கீலுக்குப் பதிலாக நடுப்பலகையைத் தூக்கி இறக்கக்கூடிய சின்னது ஒன்றை வாங்கிச் சாமான்களோடு அனுப்புவேன். லேசர் என்று ஒரு சின்னப் பாய்ப்படகு இருக்கிறது, 4.23 மீட்டர், 60 கிலோ வராது. பாய்மரம் இரண்டு துண்டாகக் கழரும், 20 அடிக் கொள்கலனிலேயே அடங்கும். கரை வந்தால் பலகையைத் தூக்கிவிட்டு இறங்கி நடக்கலாம். முதலையைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கொட்பே காற்று:
விற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருமலை (திருகோணமலை) உள்துறைமுகத்தில் ஆழத்துக்குப் பஞ்சமே இல்லை, வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் நாட்டுக்குள் வரும்போது பதிவு செய்கிற துறைமுகங்களில் அதுவும் ஒன்று. படகை இங்கே விட்டுவிட்டு மட்டக்களப்பிலிருந்து வந்து போகலாம். ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் படுத்துக் கிடக்கும். வாடைக் காற்று தொடங்குவதற்குள் கரையேற்றிவிட வேண்டும்.

ஒலுவில் மச்சான்:
யாராவது ஒலுவில் துறைமுகத்தைச் சொன்னால் நம்பிவிடாதீங்க காக்கா. 2013இல் திறந்தது, வாயில் மணல் வந்து அடைத்துவிட்டது. எங்கள் படகுகளே பட்டபாடு போதும்.

நாவற்குடாப் பொடியன்:
எல்லோருக்கும் நன்றி. திருமலை யோசனை நல்லதுதான், ஆனால் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பாய் விரிப்பதென்றால் மாதத்தில் ஒருநாள்கூட நடக்காது, என்னை எனக்குத் தெரியும். தம்பி, லேசரில் கச்சான் காற்றுக் காலத்தில் ஓடலாமா? சின்ன வயதில் அந்தக் காற்றில் பட்டம் விட்டது மட்டும்தான் ஞாபகம்.

பாலமீன்மடு பைபர்காரன்:
வாவிக்குள் தாராளமாக ஓடலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து அடிக்கும், நீங்கள் கிழக்கே எழுவான்கரையில் இருப்பதால் பாய் கிழிந்தாலும் காற்றே வளவில் கொண்டுவந்து சேர்க்கும். கடலுக்கு மட்டும் அந்தக் காற்றில் இறங்க வேண்டாம். தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்து ஆசை காட்டும், ஆனால் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளுகிறது. திரும்பி வர முழுத் தூரமும் காற்றை எதிர்த்தே குறுக்கும் மறுக்குமாக வெட்டி வெட்டி வர வேண்டும். மாரியில் ஆற்றுவாழை மிதந்து வந்து அடைக்கும், அப்போது படகைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். வரும்போது நடுப்பலகைக்கும் சுக்கானுக்கும் மேலதிகமாக ஒவ்வொன்று வாங்கி வாருங்கள், இங்கே கடையில் கிடைக்காது. உடலில் ஓட்டை விழுந்தால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.