சாணத்தைப் பார்ப்பதா, பால் துண்டைப் பார்ப்பதா? கறவை மாட்டின் வயிற்றுக் கோளாறு

கொட்டியாரத்தான் (சம்பூர்)

சென்ற கிழமை இங்கே ஒருவர், "மாடு தீன் தின்கிறது, பாலும் கறக்கிறது என்றால் வயிறு நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அதை மறுக்கத்தான் இதைத் தொடங்குகிறேன்.

என்னிடம் ஐந்து ஜேர்சி கலப்பு மாடுகள் கறவையில் நிற்கின்றன. பெரும்போக அறுவடை முடிந்து ஆலையில் தவிடும் குறுணலும் மலிவாகக் கிடைத்தன. ஒரு மாட்டுக்குத் தவிடு மட்டும் 4 கிலோ வரை ஏற்றிவிட்டேன். வைக்கோல் தானாகக் குறைந்தது. பால் கூடியது, சந்தோஷப்பட்டேன். மூன்றாம் கிழமை, பால் எடுக்கிற இடத்தில் தரத்தை எழுதித் தரும் பால் துண்டில் கொழுப்பு 4.2 இலிருந்து 3.3 ஆக இறங்கியிருந்தது. எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 8.5, அசையவே இல்லை. பால் எடுக்கிறவர் "தண்ணீர் விட்டீர்களா?" என்று கேட்டார். அன்று முழுக்க மனம் ஆறவில்லை. தண்ணீர் விட்டால் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் சேர்ந்து இறங்கும். கொழுப்பு மட்டும் இறங்கினால் மாட்டின் வயிற்றைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சாணத்தைப் பார்த்தேன். தண்ணீராகத் தெறித்துக் கிடந்தது, மேலே நுரைக் குமிழி, உள்ளே குறுணல் அப்படியே. மத்தியானம் படுத்திருந்த ஐந்தில் இரண்டுதான் இரைமீட்டுக்கொண்டிருந்தன. பெருவயிறு (தீன் முதலில் போய் நொதிக்கும் வயிற்று அறை) புளித்துவிட்டது என்று தெரிந்துகொள்ள எனக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. தினமும் பார்க்கிறவனுக்குக் கண்ணும் கையும் போதும் என்பது என் வாதம்.

குளக்கட்டு (கந்தளாய்)

அண்ணை, நீங்கள் எழுதியதே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. முதலில் எச்சரித்தது பால் துண்டு. சாணத்தை நீங்கள் அதற்குப் பிறகுதான் பார்த்தீர்கள். மூன்று கிழமையாக அது உங்கள் காலடியில்தானே கிடந்தது?

சாணம் இளகுவதற்குக் காரணம் ஒன்றல்ல. மழைக்குப் பிறகு வரும் இளம்புல்லைத் தின்றாலும் இளகும். வயலோரம் மேய்கிற மாட்டுக்குத் தட்டைப்புழு இருந்தாலும் இளகும். இரைமீட்டலும் அப்படித்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே வெயில் 35 பாகையைத் தாண்டும்போது, நல்ல தீன் தின்கிற மாடும் நாக்கை நீட்டி மூச்சு வாங்கும், இரைமீட்டலைக் குறைக்கும். அதைத் தீன் கோளாறு என்று நினைத்துத் தீனை மாற்றினால் இன்னொரு கோளாறு வரும்.

பெருவயிற்றின் பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் 5.6க்குக் கீழே கிடந்தால் அது மிதமான அமில நோய், அதாவது புளிப்பு நோய் என்கிறார்கள். அது ஏறும், இறங்கும். காலையில் நீங்கள் தொழுவத்துக்குப் போகும் நேரம் சரியாக இருக்கும், தீன் வைத்துச் சில மணி நேரம் கழித்து விழும். குளம்பு வீங்கி மாடு நொண்டும்போது, பிழை நடந்து ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும். அதனால்தான் என் 18 மாடுகளுக்கும் இரைமீட்டலை நிமிடக் கணக்கில் பதிவு செய்யும் கழுத்துப்பட்டை போட்டேன். நல்ல மாடு ஒரு நாளைக்கு 7 முதல் 8 மணி நேரம் இரைமீட்கும். ஒரு மாடு தன் வழக்கமான அளவிலிருந்து இறங்கினால் அன்றிரவே எனக்குத் தெரிகிறது.

பச்சைவயல் (தம்பலகாமம்)

நான் நான்கு மாடு வைத்திருக்கிறேன். கழுத்துப்பட்டை வாங்கும் காசுக்கு இன்னொரு மாடு வாங்குவேன். ஆனாலும் கொட்டியாரத்தான் அண்ணன் பார்த்த முறையும் பாதிதான். பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது.

சாணத்தை மேலாகப் பார்த்து ஒன்றும் தெரியாது. ஒரு கைப்பிடி எடுத்து மாச் சல்லடையில் போட்டு, தண்ணீர் தெளிவாக ஓடும்வரை கழுவுங்கள். மிஞ்சுவதில் முழுக் குறுணலோ சோளத் துண்டோ இருந்தால், பெருவயிற்றில் செரிக்க வேண்டியது செரிக்காமல் கீழே போயிருக்கிறது. அரை அங்குலத்துக்கு மேல் நீளமான நார் நிறைய இருந்தால் இரைமீட்டல் போதவில்லை. குடல் தோல் உரிந்ததுபோல் வழவழப்பான சவ்வுத் துண்டு கிடந்தால் தீன் புளிப்பு குடல் வரை போய்விட்டது, அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிட வேண்டும். நல்ல சாணம் கஞ்சிப் பதத்தில் விழுந்து ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிக உயரத்தில் நிற்கும், நடுவில் குழி விழும். ஒரே தீன் தின்கிற நான்கு மாட்டுக்கு நான்கு விதமாகச் சாணம் போனாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

இரைமீட்டலை நடு மத்தியானத்தில் எண்ணாதீர்கள் அண்ணா. தீன் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து, வெயில் தணிந்த நேரத்தில் எண்ணுங்கள். படுத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் இரைமீட்க வேண்டும். ஒரு கவளத்துக்கு எத்தனை மெல்லு என்றும் பாருங்கள். 50 முதல் 70 வரை இருந்தால் நார் போதும். 40க்குக் கீழே போனால் வைக்கோல் காணாது.

அப்புறம் இடப்பக்கத்தில், கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தரம் பெருவயிறு கையைத் தள்ளும். அந்தத் தள்ளல் பலமாக இருக்க வேண்டும். என் அம்மா இதை மணிக்கூடு இல்லாமல் பார்த்தவர். நான் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கிறேன்.

வெயிலா தீனா என்று குளக்கட்டு அண்ணன் கேட்கிறார். விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பார்த்தால் தெரியும். நிமிடத்துக்கு 60 மூச்சைத் தாண்டினால் வெயில். மூச்சு சாதாரணமாக இருந்தும் இரைமீட்காவிட்டால் தீனைப் பார்க்கலாம்.

எருமைக்காரன் (கிண்ணியா)

நாற்பது வருடமாக எருமை மேய்க்கிறேன், தயிருக்குப் பால் கொடுக்கிறேன். மேய்ச்சலில் நிற்கிற மாட்டுக்கு இந்தப் புளிப்பு நோய் வந்து நான் பார்த்ததில்லை. மாட்டைக் கட்டிப்போட்டு, மூட்டைத் தீனைக் கொட்டி, பிறகு அதைக் கண்டுபிடிக்கக் கருவி தேடுகிறீர்கள். தீனை மாற்றினால் தேட வேண்டியதே இல்லை.

வைத்தியம் படிப்பவன் (ஊர் உவர்மலை)

பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன். எருமைக்காரன் நானா சொல்வதில் உண்மை இருக்கிறது. பெருவயிற்றைக் காப்பது உமிழ்நீர். ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு 100 லீற்றருக்கு மேல் உமிழ்நீர் விழுங்கும், அதில் அப்பச்சோடாவில் இருக்கிற அதே காரம் இருக்கிறது. நார் மென்றால்தான் அது நிறையச் சுரக்கும். ஆனால் மேய்ச்சல் மாட்டுக்கு வரவே வராது என்று சொல்லிவிட முடியாது, நானா. அறுவடைக் காலத்தில் களத்து நெல் குவியலில் வாய் வைத்த மாட்டுக்கும், அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றைக் குவியலாகக் கொட்டித் தின்னக் கொடுத்த மாட்டுக்கும் ஓரிரு நாளுக்குள் கண் குழி விழுந்து, வயிற்றில் தண்ணீர் தளும்பி, எழும்ப முடியாமல் போகும். பாசத்தோடு கொடுத்த சோறுதான். ஆனாலும் செத்துப்போகிறது.

கொட்டியாரத்தான் அண்ணைக்கு ஒரு விஷயம். கொழுப்பு இறங்கியதெல்லாம் புளிப்பு நோய் என்று முடிவுகட்டாதீர்கள். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் கிட்டத்தட்ட 15 வீதம் எண்ணெய் இருக்கும். நார் குறைந்த தீனோடு சேர்ந்தால் அந்த எண்ணெயே பாலின் கொழுப்பைக் குறைக்கும். பிஎச் பெரிதாக இறங்கியிருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கறந்து முடித்துக் கன்றை விடும்போது கடைசிப் பாலைக் கன்று குடிக்கும். கொழுப்பு அதிகம் உள்ளது அதுதான். கன்றுக்கு அதிகம் விட்டாலும் துண்டில் கொழுப்பு குறையும்.

கன்று போட்டு மூன்று கிழமைக்குள் கதை தலைகீழ். அப்போது மாடு மூட்டைத் தீனைத் தள்ளிவிட்டு வைக்கோலை மட்டும் தின்றால், உடம்பு மெலிந்தால், மூச்சில் நகப்பூச்சு கழுவும் திரவ வாடை வந்தால் கீற்றோசிஸை (தின்பது போதாமல் உடம்புக் கொழுப்பு கரைவதால் வரும் நோய்) நினையுங்கள். அதில் பால் கொழுப்பு ஏறும். கொழுப்பு நல்லாக வருகிறதே என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே மாடு விழுந்துவிடும்.

பட்டி அளவில் உறுதி செய்ய ஒரு முறை உண்டு. வைத்தியர் 12 மாட்டின் பெருவயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பார். மூன்று மாட்டிலாவது பிஎச் 5.5க்குக் கீழே இருந்தால் தீனில் பிழை. வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தால் உமிழ்நீர் கலந்து அளவு கூடுதலாகக் காட்டும்.

கொட்டியாரத்தான் (சம்பூர்)

தம்பி, என்னிடம் 12 மாடே இல்லை. இந்த முறைகள் பெரிய பண்ணைக்கு எழுதப்பட்டவை. கன்றுக்கு விடும் பாலில் நான் ஒரு மாற்றமும் செய்யவில்லை. ஆனால் தவிட்டு எண்ணெய் பற்றி நான் யோசித்ததே இல்லை, அதை ஏற்கிறேன். குளக்கட்டு சொன்னதும் உறைத்தது. மூன்று கிழமையாகச் சாணம் அள்ளினேன், பார்க்கவில்லை.

இருந்தாலும் துண்டுக்கு ஒரு குறை உண்டு. ஐந்து மாட்டுப் பாலும் ஒரே பால் கானில் போகிறது. எந்த மாட்டுக்கு வயிறு கெட்டது என்று அது சொல்லாது. சாணம் சொல்லும்.

குளக்கட்டு (கந்தளாய்)

எந்த மாடு என்று சொல்லும், என்ன நோய் என்று சொல்லாது. ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனிப் போத்தலில் எடுத்து, காலைப் பாலையும் மாலைப் பாலையும் கலந்து ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். கருவி வாங்க வேண்டியதில்லை. அதுவரை சோடாவை அள்ளிப் போடாதீர்கள். தீனோடு நாளுக்கு 100, 150 கிராம் சோடா உதவும்தான், ஆனால் தீனை மாற்றாமல் சோடா மட்டும் போட்டால் குறிகள் மறையும், பிழை அப்படியே நிற்கும்.

பச்சைவயல் (தம்பலகாமம்)

அதற்கு நான் உடன்படுகிறேன். கொப்பி ஒன்றில் மாட்டின் பெயர், சாணம், மெல்லு எண்ணிக்கை மூன்றையும் எழுதி வையுங்கள். குளக்கட்டு அண்ணனின் பட்டை செய்வதும் அந்த மாட்டின் நேற்றோடு இன்றை ஒப்பிடுவதுதான்.

கொட்டியாரத்தான் (சம்பூர்), மூன்று கிழமைக்குப் பிறகு

தவிட்டை 2 கிலோவாக இறக்கினேன், குறுணலை நிறுத்தினேன். விடிய முதலில் வைக்கோலும் புல்லும், பிறகுதான் தவிடு, அதுவும் மூன்று தரமாகப் பிரித்து. கானின் கொழுப்பு 3.9க்கு வந்துவிட்டது. பால் முக்கால் லீற்றர் அளவில் குறைந்தது. தனித்தனியாகப் பார்த்ததில் நான்கு மாடு 4ஐச் சுற்றி நிற்கின்றன. சுட்டி என்கிற மாடு மட்டும் 3.4, சாணமும் இன்னும் தண்ணீர். சல்லடையில் குறுணல் இல்லை, மெல்லு 60. வைத்திய அலுவலகத்துக்குச் சாணம் கொடுத்தேன், தட்டைப்புழு முட்டை என்றார்கள். அவள்தான் குளக்கரையில் மேய்கிறவள். குளக்கட்டு சொன்னது அவள் விஷயத்தில் சரி.

பச்சைவயல் (தம்பலகாமம்)

மருந்து கொடுத்தால் எத்தனை நாளைக்குச் சுட்டியின் பாலைக் கானில் ஊற்றக் கூடாது என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் அண்ணா.

குளக்கட்டு (கந்தளாய்)

எத்தனை நாளில் சாணம் இறுகியது என்று எழுதுங்கள் அண்ணை. என் பட்டியிலும் இரண்டு மாடு அப்படித்தான் கழிகின்றன. இரைமீட்டல் நிமிடம் சரியாக இருப்பதால் பட்டை அவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குச் சாணம் கொண்டுபோகிறேன்.