வேலி தாண்டிய கதைகள்: விரல் போகாத குறை

வேலியோரம்

மூன்று வாரமாக இடது கை மோதிர விரல் மடங்கவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதால் எழுதுகிறேன். ஒற்றைக் கையால் தட்டுவதால் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லை அளக்கும் வேலை. மூன்று மூலைக்கற்கள் கிடைத்துவிட்டன. நான்காவது, 8 அடி உயரக் கம்பிவலை வேலிக்கு அந்தப் பக்கம் எங்கோ புல்லுக்குள். உள்ளே போக அனுமதி வாங்கியிருந்தோம், ஆனால் கேட் சாவி வேறொருவரிடம் இருந்தது. போன் செய்தால், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார். "ஏறிக் குதிச்சா ஒரு நிமிஷ வேலை, இதுக்குப் போய் ஒரு மணி நேரமா" என்று சொன்னது நான்தான். கூட வந்த உதவியாளர் பையன் வாயே திறக்கவில்லை.

ஏறும்போதே சரியில்லை. வலையின் கண் 2 அங்குலம்தான், பூட்ஸ் முனை அதற்குள் போகவே போகாது. கால் வழுக்க வழுக்க, கையின் பலத்திலேயே தொங்கி மேலே போனேன். மேலே போய் ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு, உடம்பையும் திருப்பியாகிவிட்டது. படிப்படியாக இறங்கியிருக்கலாம். கை வலித்தது, பாதத்துக்கும் தரைக்கும் கொஞ்ச தூரம்தானே என்று பிடியை விட்டேன்.

உடம்பு கீழே வந்தது, விரல் மேலேயே நின்றது.

இந்த வலைகளின் மேல் விளிம்பு இரண்டு வகையாக வரும். ஒன்றில் கம்பி முனையை மடக்கி வளைத்துவிட்டிருப்பார்கள். இன்னொன்றில் இரண்டிரண்டு கம்பியாக முறுக்கி, முனையை ஈட்டி போல நீட்டிவிட்டிருப்பார்கள். இது இரண்டாவது வகை. அதில் ஒரு முனை என் மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவில் புகுந்துவிட்டது. என் மொத்த எடையும் ஒரு நொடி அந்த வளையத்தில் தொங்கியது. மோதிரம் மெல்லியது என்பதால் பற்றவைத்த இடத்தில் விட்டுக்கொண்டது. விரலின் பின்பக்கம் தோல் கிழிந்து ஏழு தையல். வீங்கிய விரலிலிருந்து மிச்ச மோதிரத்தைச் சின்ன வெட்டுக்கருவியால் நறுக்கி எடுத்த மருத்துவர், "கெட்டி மோதிரமா இருந்திருந்தா கையுறையைக் கழற்றுற மாதிரி தோல் மொத்தமும் கழன்று வந்திருக்கும்" என்றார். அதன் பிறகு வேறு யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாவிக்காரர் நாற்பதாவது நிமிடத்தில் வந்து நின்றார். நான் விரலில் துணி சுற்றிக்கொண்டு வேலியின் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்லை அன்றைக்கு அளக்கவே இல்லை.

நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தாண்டியவர்கள், மாட்டிக்கொண்டவர்கள், தாண்டாமலே வேலையை முடித்தவர்கள், எல்லோரும் சொல்லுங்கள்.

பழைய சங்கிலி

தம்பி, விரல் சீக்கிரம் தேறட்டும். இப்போது கொஞ்சம் திட்டப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நாங்கள் கோணம் அளக்கும் தியோடலைட்டும் தூரம் அளக்கும் சங்கிலியுமாக அலைந்த காலத்தில், ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கும் மரத்தை நீந்திப் போயா அளந்தோம்? வேலிக்கு இந்தப் பக்கமே இரண்டு புள்ளி வை. நடுவில் 40 மீட்டர் என்று வைத்துக்கொள். முதல் புள்ளியில் நின்று, இந்தக் கோட்டுக்கும் அந்தப் பக்கத்துப் புள்ளிக்கும் நடுவே கோணம் எடுத்தால் 65 பாகை, இரண்டாவதில் 70 பாகை. அப்படியென்றால் அந்தப் பக்கத்துப் புள்ளியில் மிச்சம் 45 பாகை. சைன் விதி போட்டால் முதல் புள்ளியிலிருந்து தூரம் 53.16 மீட்டர். யாரும் எதையும் ஏறிக் குதிக்கவில்லை. அந்த மிச்சக் கோணம் ரொம்பக் கூர்மையாகாமல் பார்த்துக்கொள். 30 பாகைக்குக் கீழே போனால் அடிக்கோட்டை, அதாவது உன் இரண்டு புள்ளிக்கும் நடுத்தூரத்தை, நீட்டு.

கோணமும் தூரமும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கையில் இருக்கிறதே, ஒளியைத் திருப்பி அனுப்பும் ப்ரிசம் இல்லாமல் லேசரிலேயே அடித்துவிடலாமே என்பவர்களுக்கு ஒரு கதை. எங்கள் குழுவில் ஒரு பையன் வலைக்குப் பின்னால் இருந்த கட்டட மூலையை அப்படித்தான் அடித்தான். படத்தில் வரைந்து பார்த்தால் கட்டடம் வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. லேசர் சுவரைத் தொடவே இல்லை, நடுவில் இருந்த கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது. அடித்த தூரத்தை அப்போதே மனக்கணக்கில் சரிபார்த்திருந்தால் மறுநாள் திரும்பப் போயிருக்க வேண்டியதில்லை. கம்பியின் ஊடே அளந்தால் கருவியை இரண்டு இடத்தில் வைத்து அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

முக்காலி அக்கா

ஐயா சொல்வது சரிதான், ஆனால் தம்பியின் கல் புல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாததற்கு எங்கே கோணம் எடுப்பது? மண்ணைத் தோண்டிக் கல்லைக் கண்டுபிடிக்க யாராவது உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். எனக்கு 19 வருடமாக இதுதான் பிழைப்பு, அதில் பாதி நாள் வேலியோடுதான்.

முதலில் வேலியோரமாக நடந்து பார்ப்பேன். இருநூறு முந்நூறு மீட்டர் நடந்தாலே கேட், படிக்கட்டு, ஓடையில் வேலி தூக்கிக்கொண்டிருக்கும் இடம் என்று ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். கேட் பூட்டியிருந்து, அதில் ஏற அனுமதியும் இருந்தால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுவேன். பூட்டுப் பக்கம் ஏறினால் மொத்தக் கேட்டும் தொங்கிக் கீல் வளையும். வேலியில்தான் ஏற வேண்டுமென்றால் முட்டுக்கால் கொடுத்த மூலைத்தூண் பக்கம். நடுத்தூண்கள் தரைமட்டத்தில் உளுத்தோ துருப்பிடித்தோ இருக்கும். மேலே பார்க்கக் கம்பீரமாக நிற்கும், ஏறினால்தான் தெரியும். ஏறும் முன்பே தூணைக் கையால் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.

சாமான்தான் முதலில் போகும். டோட்டல் ஸ்டேஷன் பெட்டியை ஒருவர் மேலே நீட்ட, அந்தப் பக்கம் இருப்பவர் வாங்கி, குதித்தாலும் கால் படாத தூரத்தில் வைக்க வேண்டும். அந்தப் பக்கம் ஆள் இல்லையா, பெட்டி கயிற்றில் இறங்கும். தூக்கிப் போடுகிறவனை என் குழுவில் மறுநாள் பார்க்க முடியாது. முக்காலியை மடக்கி, வாரைக் கட்டி, கூர்முனை கீழே பார்க்கும்படி இறக்குங்கள். முக்காலியையே ஏணியாக்கி ஏறும் மகான்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இடுப்புப்பை. ஒரு தடவை தூக்குக்குண்டு இடுப்புப்பையில் இருக்கும்போதே இறங்கினேன். சறுக்கியதில் பை திரும்பி, குண்டின் முனை தொடையில் இறங்கியது. உறைக்குள் இருந்ததால் ஒரு அங்குலத்தோடு தப்பித்தேன். இப்போது அரிவாள், தூக்குக்குண்டு, மண்வெட்டி எல்லாம் எனக்கு முன்னால் போய்விடும். மோதிரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, பட்டன் போடாத சட்டை எதுவும் மேலே வரக்கூடாது. ஒருமுறை பளபளக்கும் மேலங்கியின் பின்பக்கம் கம்பியில் மாட்டி, முன்னும் போகாமல் பின்னும் போகாமல் ஐந்து நிமிடம் தொங்கினேன். ஒட்டுப்பட்டை வைத்த மேலங்கி என்றால் இழுத்ததும் பிரிந்திருக்கும், என்னுடையது ஜிப். உதவியாளர் சிரித்து முடித்த பிறகுதான் எடுத்துவிட்டார்.

இறங்கும்போது முகம் வேலியைப் பார்த்தே இருக்கட்டும். இரண்டு கை, இரண்டு கால், இதில் மூன்று எப்போதும் கம்பியில் இருக்க வேண்டும். கடைசி அடி வரை. புல் மறைத்த பள்ளத்தில் குதித்துக் கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும்.

முள்கம்பி வேலி குட்டையாக இருந்தால் ஒருவர் கீழ்க்கம்பியை மிதித்து நடுக்கம்பியைத் தூக்க, மற்றவர் குனிந்து போகலாம். மேல் விளிம்பில் முள் இருந்தால் தடித்த தார்ப்பாயை நான்காக மடித்துப் போடுங்கள், ஒற்றை மடிப்பு போதாது. உச்சியில் சாய்வான சட்டம் வைத்து மூன்று வரி முள்கம்பி ஓட்டியிருக்கிறார்களா, அதில் ஏற முயலவே வேண்டாம். சாவிக்காரருக்குக் காத்திருங்கள். கம்பியை வெட்டலாமே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது யாருடைய சொத்தோ, அதோடு முறுக்கேறிய கம்பி அறுந்ததும் சாட்டை போல முகத்துக்குத்தான் வரும்.

ஏணிச்சங்கம்

ஏணியை வண்டியில் வைத்துவிட்டு, வண்டியை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நிறுத்துவோர் சங்கத்தின் நிரந்தரத் தலைவர் நான்தான். உறுப்பினர் சேர்க்கை எப்போதும் உண்டு.

ரோவர்

எனக்கு வேலியின் உயரத்தை விட, கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்பதுதான் பயம்.

ஒரு மேய்ச்சல் நிலத்தில் ஜிபிஎஸ் ரோவரோடு, அதாவது கம்பின் மேல் பொருத்தித் தூக்கிப்போகும் அளவுக் கருவியோடு, போய்க்கொண்டிருந்தேன். கம்புக்கு எடை தெரியாது, கார்பன் இழையில் செய்தது. மின்வேலி என்று பலகை எதுவும் கண்ணில் படவில்லை. கம்பிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்தேன். கம்பின் உச்சி மேல்கம்பியில் பட்டது. முழங்கை வரை யாரோ மரச்சுத்தியலால் அடித்தது போல இருந்தது. நான் பின்பக்கமாக விழுந்தேன், கண்ட்ரோலர் ஒரு கல்லில் விழுந்து திரை உடைந்தது. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கு முன் அலுமினியக் கம்பைத்தான் பார்த்துப் பார்த்துப் பிடித்திருந்தேன்.

விழுந்து கிடந்தபோதுதான் சத்தமே கேட்டது. டிக்... டிக்... நொடிக்கு ஒன்று. முறையான கால்நடை மின்வேலியில் எனர்ஜைசர் என்ற பெட்டி சுமார் நொடிக்கு ஒருமுறை துடிப்பு அனுப்பும். ஆயிரக்கணக்கில் வோல்ட் இருக்கும், 5,000-க்கு மேலேயே கூடப் போகும். ஆனால் துடிப்பு ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்குள் முடிந்துவிடும். வலிக்கும், ஆனால் அடுத்த துடிப்புக்குள் கையை எடுக்க நேரம் கிடைக்கும். அதனால்தான் மின்னேற்றிய கம்பி முள்கம்பியாக இருக்கக்கூடாது என்று தரவிதி வைத்திருக்கிறார்கள். முள்ளில் சட்டை மாட்டிவிட்டால் ஆள் ஒவ்வொரு துடிப்பையும் வாங்கிக்கொண்டே தொங்க வேண்டியதுதான்.

ஆனால் டிக் சத்தம் இல்லாததால் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நேராக வீட்டு மின்சாரத்திலிருந்து கம்பியை இழுத்து வேலியில் கொடுக்கும் பாதகர்கள் இருக்கிறார்கள். அதில் துடிப்பும் இல்லை, இடைவெளியும் இல்லை. பிடித்த கையைத் தசை விடாது, ஆள் போய்விடுவார். இப்போது எங்கள் பழக்கம்: கம்பியை வெறும் கையால் தொடமாட்டோம், வேலிச் சோதனைக் கருவி ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறோம், உரிமையாளர் இணைப்பைத் துண்டித்து "அணைத்தாயிற்று" என்று சொன்ன பிறகும் சோதித்துவிட்டுத்தான் போவோம்.

உயர் அழுத்த மின்பாதைக்கு இணையாக நெடுந்தூரம் ஓடும் வேலியில் யாரும் இணைப்புக் கொடுக்காமலே மின்னழுத்தம் ஏறும், சரியாக நிலத்தோடு இணைத்திருக்காவிட்டால் தொட்டதும் தெரியும். இடி கேட்டால் வேலியை விட்டு விலகிவிடுவோம். தொலைவில் விழுந்த மின்னலையும் கம்பி கொண்டுவந்து சேர்க்கும்.

வரப்புநடை

எல்லோரும் எப்படித் தாண்டுவது என்றே சொல்கிறீர்கள். வேலி ஏன் அவ்வளவு உயரம் என்று யாராவது கேட்டோமா? நான் கேட்கவில்லை.

ஏழடி வலை. மூலைத்தூண் பார்த்து, சாமானை முன்னால் இறக்கி, எல்லாம் அக்கா சொன்ன முறைப்படிதான். உள்ளே நூறு அடி நடந்து ப்ரிசம் கம்பை ஊன்றினேன். மரத்தடியில் நின்ற கருப்புப் புதர் தலையைத் தூக்கியது. தீக்கோழி! ஆண். என்னை விட உயரம். இறக்கையை விரித்துக்கொண்டு வர ஆரம்பித்தது. அது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்றும், முன்பக்கமாக உதைக்கும், ஒரே உதையில் குடலை எடுக்கும் என்றும் எங்கோ படித்தது எல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் நினைவுக்கு வர வேண்டுமா?

ஓடினால் தோற்பேன் என்று தெரிந்தது. கம்பை முழு உயரத்துக்கும் நீட்டித் தலைக்கு மேல் பிடித்தேன். ப்ரிசம் வெயிலில் மின்னியது. அது நின்றது. தன்னை விட உயரமாக எதையோ பார்த்துவிட்ட யோசனை போல. முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வேலிக்கு வந்தேன். அந்த வேலியில் நான் திரும்ப ஏறியதை யாராவது படம் பிடித்திருந்தால் மூன்று புள்ளிப் பிடி, முகம் வேலியைப் பார்த்து என்ற விதிகள் எதுவும் அதில் இருந்திருக்காது. டோட்டல் ஸ்டேஷனில் நின்ற சர்வேயர், கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாக்கிடாக்கியில் கேட்டார்: "கம்பை ஆட்டுறீங்க, அளவு எடுக்கவா வேண்டாமா?"

அதற்குப் பிறகு, அனுமதி கேட்கும் போனிலேயே "உள்ளே என்ன இருக்கிறது" என்று கேட்டுவிடுகிறேன். நாய், காளை, கலைமான், இப்போது தீக்கோழியும் பட்டியலில் உண்டு.

வேலியோரம்

எல்லோருக்கும் நன்றி. தையல் பிரித்தாயிற்று. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று முதல் நாளே கேட்டிருந்தார்கள், பதில் தெரியாமல் விழித்தேன். 10 வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டுமாம். மண்ணும் துருவும் பட்ட காயம் என்றால் 5 வருடம் தாண்டியிருந்தாலே திரும்பப் போடுவார்களாம். வண்டியின் முன்பெட்டியில் தேதியை எழுதி ஒட்டிவிட்டேன்.

நேற்று அந்த நிலத்துக்கே போனோம். சாவிக்காரரிடம் முந்தின நாளே பேசி, அவர் வந்த பிறகு கேட் வழியாக நடந்து போனோம். கிடைத்த மூன்று கற்களிலிருந்தும் பழைய வரைபட அளவை வைத்து இடத்தைக் கணக்குப் போட்டு, பையன் கம்பியால் குத்திப் பார்த்தான். மூன்றாவது குத்தில் கல் 'டக்' என்றது. நான்கு விரல் மண்ணுக்கு அடியில் இருந்தது. பழைய சங்கிலி ஐயாவுக்காக, வேலிக்கு வெளியே நின்று இரண்டு கோணமும் எடுத்துப் பார்த்தேன். கல்லின் மேல் பையன் பிடித்த கம்பைப் பார்த்துத்தான். நேரில் அளந்த இடத்துக்கும் கணக்கில் வந்த இடத்துக்கும் 12 மில்லிமீட்டர் வித்தியாசம்.

மோதிரத்தைப் பற்றவைத்து வாங்கிவிட்டேன். விரலில் போடப் பயமாக இருப்பதால் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன்.

முக்காலி அக்கா

கழுத்திலா? நான் எழுதியதில் அடையாள அட்டை பற்றிய வரியைத் திரும்பப் படி தம்பி. கழற்றி வண்டியிலேயே வை.