‘பிராட்வே டேனி ரோஸ்’ ஹீலியம் காட்சி நிஜத்தில் நடக்குமா?

கேள்வி: 1984-ல் வந்த வுடி ஆலன் படம். கிடங்கில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கீச்சுக்குரல். சாத்தியமா?

பதில் 1: பாதி சாத்தியம். குண்டு பட்டு சிலிண்டரிலிருந்து ஹீலியம் (பலூனில் அடைக்கும் லேசான வாயு) கசிகிறது. அதில் ஒலி காற்றைவிடச் சுமார் 3 மடங்கு வேகம். குரல்நாண் அதிர்வு பெரிதாக மாறாது. தொண்டை, வாயின் ஒத்ததிர்வுதான் (அந்தக் குழிகள் எந்த ஒலிகளைப் பெருக்குகின்றன என்பது) மேலே ஏறும். ஆனால் அவ்வளவு பெரிய கிடங்கில் வாயு கூரைக்குப் போய்விடும், மூக்குக்கு எட்டாது.

பதில் 2: ஹீலியம் சிலிண்டரில் வாய் வைத்து இழுத்துப் பார்க்காதீங்க. ஆக்சிஜன் இல்லாமல் மயக்கம், அழுத்தத்தில் நுரையீரலே கிழியும்.

பதில் 3: அறிவியல் கிடக்கட்டும். துரத்தல் காட்சியைக் கறுப்பு வெள்ளையில் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் எடுத்த தோரணைக்கும் அந்தக் கீச்சுக்கும் உள்ள முரண்தான் சிரிப்பு. நாயகி மியா ஃபாரோவின் கறுப்புக் கண்ணாடியையும் கவனிங்க. பெரும்பாலும் கண்ணைக் காட்டாமலே நடிக்கிறார்.