30 வயதில் புதிதாக ஏடிஎச்டி வருமா?

கேள்வி: பள்ளியில் நன்றாகப் படித்தவர்களுக்கு, வேலைக்குப் போன பிறகு ஏடிஎச்டி (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) என்கிறார்களே, இத்தனை நாள் தெரியாமலா இருந்தது?

பதில் 1: ஆமாம், பலருக்குத் தெரியாமல்தான் இருக்கும். டிஎஸ்எம்-5 (மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு) விதிப்படி 12 வயதுக்கு முன்பே பல அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தது 5 அறிகுறிகள், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, வேலை என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மணி அடிக்கும், அம்மா எழுப்பிவிடுவார், பரீட்சைத் தேதியை வேறு யாரோ குறிப்பார்கள். அந்தத் தாங்கல் போனதும் கட்டணம் கட்டுவது, நேரத்தைக் கணிப்பது எல்லாம் சரியும். துறுதுறுப்பு இல்லாமல் கனவில் மூழ்கும் பெண் குழந்தைகளை யாரும் கவனிப்பதே இல்லை. பெரிய அநியாயம் இது.

பதில் 2: தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு மூன்றும் இதே போலத் தோன்றும். முதலில் அவற்றைப் பாருங்கள். மனநல மருத்துவரிடம் பழைய ரேங்க் கார்டையும் கொண்டு போங்கள். மதிப்பெண்ணைவிட ஆசிரியர் குறிப்பு முக்கியம்.

பதில் 3: மருந்து பற்றி: ஏடிஎச்டிக்குத் தரும் சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை (மெல்ல வெளியாகும் வகை அல்ல) 3-4 மணி நேரமே வேலை செய்யும், மாலையில் போட்டால் தூக்கம் கெடும். இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அட்டாமாக்ஸெட்டின் என்ற இன்னொரு மருந்தின் பலன் முழுதாகத் தெரிய 4-6 வாரம் ஆகலாம். பலர் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுகிறார்கள்.