இரேசரில் போன தோடு

கும்பகோணம், ஸ்டுடியோ வேலை:
சேர்ந்த முதல் வருடம். இறந்துபோன ஒரு அம்மாவின் படத்தை மகன் பென்டிரைவில் கொண்டுவந்தார். பேத்தியோடு கன்னம் ஒட்டி நிற்கிற படம். அம்மாவை மட்டும் எடுத்து, பின்னால் நீலம் வைத்து, பதினாறாம் நாளுக்குள் பிரேம் போட வேண்டும். போட்டோஷாப்பில் படத்தை அழிக்காமல் வேண்டாத இடத்தை மறைத்து மட்டும் வைக்கிற மாஸ்க் எனக்கு அப்போதே தெரியும். அவசரத்துக்கு, அடியோடு அழித்துவிடுகிற இரேசரை எடுத்தேன். முடித்து, பென்டிரைவில் அதே பெயரில் ஜேபெக்காகவே சேவ் செய்துவிட்டேன். பிரிண்டை வாங்கியவர் காது இருந்த இடத்தில் விரலை வைத்தார். "அம்மா தோட்டைக் கழற்றவே மாட்டாங்களே தம்பி." காதோர நரையோடு தோடும் போயிருந்தது. அவர்களிடம் வேறு பிரதி இல்லை.

மதுரை, ஆல்பம் டிசைன்:
இரேசரைக் குறை சொல்ல மாட்டேன். அசலின் மேலேயே சேவ் செய்ததுதான் தப்பு. மாஸ்க் போட்டிருந்தாலும் ஜேபெக்கில் லேயர், அதாவது படத்தின் அடுக்குகள், நிற்காது, தோடு திரும்பியிருக்காது. எனக்கு நடந்தது வேறு. மாஸ்க் போட்டும், லேயர் பேனலில் மாஸ்க் பெட்டிக்குப் பதிலாகப் படத்தின் பெட்டி செலக்ட் ஆகியிருந்ததைக் கவனிக்கவில்லை. மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி மேல் கறுப்பு பிரஷ் அப்படியே இழுத்தது. பக்கத்தில் அவள் அப்பா. நான் கன்ட்ரோல் இசட் தட்டுவதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். லேயர் பேனலில் எந்தப் பெட்டியைச் சுற்றிக் கோடு இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிரஷ்ஷைத் தொடுங்கள். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், எக்ஸ் தட்டினால் இரண்டும் இடம் மாறும். முடி ஓரத்துக்கு, பிரஷ்ஷிலிருந்து நிறம் எவ்வளவு இறங்கும் என்கிற ஃப்ளோவை 10 சதவீதம் வைத்து மெல்லத் தடவுங்கள். சாம்பல் விழுந்த இடம் பாதி மறைந்து பாதி தெரியும், அதுதான் முடிக்கு வேண்டியது. ஆல்ட் அழுத்தி மாஸ்க் பெட்டியைத் தட்டினால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையாக விரியும். விட்டுப்போன புள்ளிகள் அதில்தான் கண்ணில் படும். அப்புறம், லேயர்களோடு சேவ் ஆகிற பிஎஸ்டி ஃபைல் ஒன்று தனியாக இருக்கட்டும். கஸ்டமர் கொடுத்த ஃபைலைக் காப்பி எடுக்காமல் திறக்கவே வேண்டாம்.

கோவை:
நான் ஜிம்ப்காரன், அது இன்னொரு போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர், அங்கேயும் இதே கதைதான். முதலாமவருக்கு ஒன்று: இன்னொரு காதுத் தோட்டைக் காப்பி எடுத்துத் திருப்பி வைத்திருக்கலாமே?

கும்பகோணம்:
அந்தக் காது பேத்தியின் கன்னத்துக்குப் பின்னால் இருந்தது. போன மாதம் அதே பேத்தியின் கல்யாண ஆல்பத்துக்கு அந்த மகனே வந்தார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, "பென்டிரைவ் நானே வச்சுக்கறேன் தம்பி, இப்பவே காப்பி பண்ணிக்கோங்க" என்றார். காப்பி ஓடி முடிகிறவரை நின்றுகொண்டே இருந்தார்.